காலிக் கட்டம்

மழை பிடித்துக்கொண்டால் பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாம் வானத்தைப் பார்த்துச் சலித்துக்கொள்வார்கள். சாவிக்காரருக்கு மட்டும் உள்ளூரச் சந்தோஷமாக இருக்கும். ஈரத்தில் பூட்டுகள் துருவேறி மக்கர் பண்ணும், இரும்பு பீரோக்கள் வாயைத் திறக்க மாட்டேன் என்று அடம் பிடிக்கும், அவசரத்தில் சாவியைத் திருகி உடைத்துவிட்டு ஆட்கள் ஓடிவருவார்கள். பழைய மாடிக் கட்டடம் ஒன்றின் படிக்கட்டுக்கு அடியில், நிமிர்ந்தால் நெற்றி இடிக்கிற சரிவான இடம்தான் அவர் கடை. ஒரு மேசை, அதன் ஓரத்தில் முடுக்கிய இடுக்கி, நாலைந்து அரங்கள், சுவரில் ஆணி ஆணியாகத் தொங்கும் பழைய சாவிக் கொத்துகள். வருகிறவர்கள் உட்கார ஒரு ஸ்டூல். அந்த மழைக்காலத்தில் ஸ்டூல் வருகிறவர்களுக்குக் கிடைக்கவில்லை. அதில் அவர் மனைவி உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

அவள் பெரிய ஆஸ்பத்திரியில் வார்டு உதவியாளர். படுக்கை விரிப்பது, பெட்பேன் வைத்து எடுப்பது, எழுந்திருக்க முடியாதவர்களைப் புரட்டிப் போட்டு முதுகு துடைப்பது, சவரம் செய்துவிடுவது, செத்தவர்களுக்குத் தாடை கட்டுவது எல்லாம் அவள் வேலை. வேலைக்குச் சேர்ந்தபோது வார்டில் ஏற்கெனவே ஒரு அக்கா இருந்ததால் இவள் சின்னக்கா ஆனாள். பெரியக்கா ஓய்வு பெற்றுப் போய், அவளைத் தெரிந்தவர்களும் போன பிறகும் இவள் சின்னக்காதான். வீட்டிலும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

"கட்டின புருஷன் பொண்டாட்டியை அக்கான்னு கூப்பிடற கூத்து இந்த வீட்லதான் நடக்கும்" என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

"சின்னதுன்னு முன்னாடி சேத்துக்கறேன் இல்ல, அது மரியாதைதான்" என்பார் சாவிக்காரர்.

ஆஸ்பத்திரியை ஒட்டியே நர்சிங் பள்ளி இருந்தது. வேலையில் இருப்பவர்களும் நுழைவுத் தேர்வு எழுதி அதில் சேரலாம். ஆனால் வயது வரம்பு உண்டு. சின்னக்காவுக்கு இந்த வருஷம்தான் கடைசி. அறிவியல் பகுதியை அவள் ஊதித் தள்ளிவிடுவாள். மொழிப் பகுதியையும் சமாளித்துவிடுவாள். கணக்குதான் காலை வாரும். அதிலும் இயற்கணிதம். கணக்கில் தனியாக ஒரு குறைந்தபட்ச மார்க் எடுக்காவிட்டால் மற்றதில் எத்தனை வாங்கினாலும் குப்பைக்குப் போகும்.

எதற்கு இந்த வயதில் இந்த வம்பு என்று கேட்டவர்களுக்கு அவள் சிரித்து மழுப்புவாள். சாவிக்காரருக்குத்தான் காரணம் தெரியும். ஒருநாள் வார்டில் ஒரு பெண்ணுக்கு டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தபோது ஊசி நரம்பை விட்டு நழுவிவிட்டது. சின்னக்கா பார்த்துவிட்டாள். குழாயை மூட ஒரு சின்னத் திருகை உருட்டினால் போதும். ஆனால் அதை அவள் தொடக் கூடாது. தொட்டால் வேலை போய்விடும். நர்ஸைத் தேடி ஒவ்வொரு வார்டாக ஓடி அழைத்து வருவதற்குள் அந்தப் பெண்ணின் கை வீங்கிப் போயிருந்தது. "பக்கத்துலயே நின்னியேம்மா, ஏன் நிறுத்தல?" என்று அந்தப் பெண் கேட்டாளாம். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே வைத்தாள், வாயில் போடவில்லை. "என் கண்ணுக்கு முன்னாடிங்க. கைக்கு எட்டற தூரம்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அடுத்த வாரமே விண்ணப்பம் போட்டுவிட்டாள்.

காலை ஷிப்டு முடிந்ததும் நேரே கடைக்கு வந்துவிடுவாள். வீட்டில் உட்கார்ந்தால் பாத்திரம் கூப்பிடும், துணி கூப்பிடும். இங்கே அரம் கரகரவென்று அராவுகிற சத்தம் மட்டும்தான். மாதிரிக் கேள்விப் புத்தகத்தை மடியில் வைத்து, பேனா மூடியைக் கடித்துக்கொண்டு, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். முதல் சில நாட்கள் அவள் பெருமூச்சு விடுவதைக் கேட்டுக் கேட்டு சாவிக்காரருக்கு அரம் ஓடவில்லை.

"என்னதான் கேக்கறான் அதுல?" என்று ஒருநாள் எட்டிப் பார்த்தார்.

"எக்ஸ் எவ்ளோன்னு கேக்கறான்."

"பக்கத்துலயே நாலு நம்பர் போட்டிருக்கானே?"

"அதுல ஒண்ணுதாங்க விடை. எதுன்னு நாம கண்டுபிடிக்கணும்."

சாவிக்காரர் அரத்தைக் கீழே வைத்தார். "அடப் பாவமே. நாலே நாலு சாவியைக் கையில குடுத்துட்டு எது சேரும்னு கேக்கறான். இதுக்கா இப்படி மூச்சு விடறே? எக்ஸ் இருக்கற எடத்துல ஒவ்வொண்ணா விட்டுப் பாரேன்."

"விட்டுப் பாக்கறதா?"

"ஆமா. எடுத்த உடனே ஓரத்துச் சாவியை விடாதே. நடுவுல இருக்கறதை விடு. பெருசா வந்தா சின்னது பக்கம் போ, சின்னதா வந்தா பெருசு பக்கம் போ. கொத்துல நூறு சாவி இருந்தாலும் நான் எல்லாத்தையுமா விடறேன்?"

அவள் நம்பிக்கையில்லாமல்தான் ஒன்றைப் போட்டுப் பார்த்தாள். நடுவில் இருந்த எண்ணை வைத்தாள், பெருசாக வந்தது. அதற்கு முந்தினதை வைத்தாள். இரண்டு பக்கமும் கச்சிதமாகப் பொருந்தியது. வாயைப் பிளந்துகொண்டு புருஷனைப் பார்த்தாள். அவர் ஏதோ தினமும் செய்கிற காரியம் போல மறுபடி அரத்தை எடுத்துக்கொண்டார். ஆனால் அன்றைக்கு அராவின சாவியில் ஒரு பல் அதிகமாகவே தேய்ந்துபோயிற்று. சந்தோஷத்தில் கை நிதானம் தப்பிவிட்டது.

அதற்குப் பிறகு அவளுக்கு இறக்கை முளைத்ததுபோல ஆகிவிட்டது. மாதிரித் தேர்வில் கணக்கில் மார்க் மேலே ஏறிக்கொண்டே வந்தது. பூட்டோடு வந்து நிற்கிறவர்களிடம் சாவிக்காரர் பெருமை அடித்துக்கொள்ள ஆரம்பித்தார். "உக்கார ஸ்டூல் இல்லீங்க, நர்ஸம்மா படிக்கிறாங்க" என்பார். சின்னக்கா வெட்கத்தில் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொள்வாள்.

வீட்டில் ஒருத்தி மட்டும் இதற்கெல்லாம் மசியவில்லை. அவர்களுடைய மகள், பள்ளிக்கூடத்தில் மேல் வகுப்புப் படிக்கிறவள். இந்தக் கணக்கெல்லாம் அவளுக்கு ஜுஜுபி.

"அம்மா, இது கணக்கே இல்ல. இப்படிப் போட்டா எங்க மிஸ் சைபர் போடுவாங்க. ஸ்டெப்ஸ் எங்க?"

"உங்க மிஸ் ஸ்டெப் கேக்கறாங்க. எங்க பரீட்சைல கம்ப்யூட்டர்ல கட்டத்தைத் தட்டுன்னு மட்டும்தான் சொல்றாங்க. போடி வேலையைப் பாத்துட்டு."

"ஒரு நாள் மாட்டிக்கப் போற, பாரு."

"நல்ல வாயால நல்லதா சொல்லேன்டி."

அந்தப் பெண் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அவளே அது பலிக்கும் என்று நினைத்துச் சொல்லவில்லை.

ஹால் டிக்கெட் வந்த அன்று அவள்தான் போனில் இறக்கிப் பார்த்தாள். அம்மாவின் படத்தைப் பார்த்து, "என்னம்மா இது, பேயறைஞ்ச மாதிரி நிக்கற" என்று சிரித்துக்கொண்டே விரலால் தள்ளித் தள்ளிக் கீழே போனாள். போகப் போகச் சிரிப்பு நின்றுவிட்டது.

"என்னடி?" என்றாள் சின்னக்கா. முட்டையை உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுமில்லம்மா... இந்த வருஷம் மாத்தியிருக்காங்க."

"எதை? சென்டரையா?"

"அல்ஜீப்ராவுக்கு ஆப்ஷன் கிடையாதாம். ஒரு காலிக் கட்டம் இருக்குமாம். விடையை நாமளே டைப் பண்ணணுமாம்."

சாவிக்காரருக்கு முதலில் புரியவில்லை. "அப்படின்னா நாலு நம்பரும்?"

"தரமாட்டாங்கப்பா."

முட்டை உரிக்கிற சத்தம் நின்றது. கடையில் தானே பெருமை அடித்துக்கொண்டதெல்லாம் சாவிக்காரருக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"இன்னும் நாள் இருக்கும்மா. நான் சொல்லித் தர்றேன். ரொம்ப ஈஸி" என்றாள் மகள்.

ரொம்ப ஈஸி என்று யார் சொன்னாலும் நம்பக் கூடாது என்பது அந்த வாரத்தில் மூவருக்கும் தெரிந்துபோயிற்று. மகளுக்குப் பள்ளி விட்டதும் மூன்று பேரும் கடையில் கூடினார்கள். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. படிக்கட்டில் யாராவது ஏறினால் தலைக்கு மேல் தடதடவென்று இடிக்கும்.

"அஞ்சு இந்தப் பக்கம் பிளஸ்ல இருக்கா? அந்தப் பக்கம் போனா மைனஸ்."

"ஏன்?"

"ஏன்னா... அப்படித்தான்மா. பக்கம் மாறினா குறி மாறும்."

"அதான் ஏன்னு கேக்கறேன். வார்டுல ஒரு கட்டில்ல இருந்து இன்னொரு கட்டிலுக்கு மாத்தினா ஆம்பளை பொம்பளை ஆயிடுவானா?"

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சின்னக்காவுக்கும் வந்தது. ஆனால் கேள்வி அப்படியே இருந்தது. மகள் நோட்டின் ஓரத்தைக் கிழித்துச் சுருட்டினாள். "மிஸ் அப்படித்தான் சொன்னாங்க. எல்லாருக்கும் வருது. நான் ஏன்னு கேட்டதில்லம்மா."

சாவிக்காரர் இடுக்கியிலிருந்து ஒரு சாவியைக் கழற்றினார். "எங்க தொழில்ல சாவியே இல்லாம பூட்டு மட்டும் வந்தாலும் வழி இருக்கும்மா. பல்லு வெட்டாத வெத்துச் சாவியை உள்ள விட்டு அழுத்தித் திருப்பினா, பூட்டு அதுமேல தடம் போடும். அந்தத் தடத்தைப் பாத்து அராவணும். மறுபடி விடணும், மறுபடி அராவணும். கடைசில திறக்கும். அந்த மாதிரி கணக்குல தடம் எதுவும் விழாதா?"

மகள் அப்பாவைப் பார்த்தாள். ஏதாவது சொல்லிவிட வேண்டும் என்று அவளுக்கு ஆசைதான். "தெரியலப்பா" என்றாள்.

அவர் அந்த வெத்துச் சாவியை விரல்களுக்கு நடுவில் உருட்டிக்கொண்டே இருந்தார். கையில் இருக்கிற வித்தையை எப்படி இந்தப் பாழாய்ப்போன எக்ஸுக்குள் விடுவது என்று அவருக்குப் பிடிபடவில்லை. பெண்டாட்டிக்கு ஒரு கஷ்டம் வந்தால் ஓடிப்போய்த் தூக்கிச் சுமக்கிற ஆள்தான். இதில் எந்தப் பக்கம் தோளைக் கொடுப்பது என்றே தெரியவில்லை.

தேர்வுக்கு முந்தைய கடைசிச் சனிக்கிழமை ஒரு வாத்தியார் வந்தார். பீரோ சாவி தொலைந்துவிட்டதாம், பூட்டைக் கழற்றிக் கையோடு கொண்டுவந்திருந்தார். கணக்கு வாத்தியார் என்று பேச்சுவாக்கில் தெரிந்ததும் சாவிக்காரருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"சார், கூலி ஒண்ணும் வேணாம். இவங்களுக்கு அல்ஜீப்ராவை மட்டும் கொஞ்சம் புரியவெச்சுட்டுப் போங்க."

வாத்தியார் நல்ல மனிதர். நின்றபடியே புத்தகத்தை வாங்கிக்கொண்டார். "தராசுன்னு நெனச்சுக்குங்கம்மா. ரெண்டு தட்டும் சமமா இருக்கு. இந்தத் தட்டுல அஞ்சு எடுத்தா அந்தத் தட்டுலயும் அஞ்சு எடுக்கணும். இல்லேன்னா சாஞ்சுடும். அவ்ளோதான் விஷயம். புரியுதா?"

"புரியுது சார்" என்றாள் சின்னக்கா. அவள் கண் விரிந்தது. நிஜமாகவே புரிந்தது. வாத்தியார் பக்கத்தில் நின்று தலையாட்ட ஆட்ட, ஒரு கணக்கைப் போட்டு முடித்தாள், இன்னொன்றையும் போட்டாள். சாவிக்காரருக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. பீரோ சாவியோடு இன்னொரு உபரிச் சாவியும் அராவிக் கொடுத்து, வாத்தியாரைத் தெருமுனை வரை குடை பிடித்துக் கொண்டுபோய் விட்டுவந்தார்.

திரும்பி வந்து பார்த்தால் சின்னக்கா பேனாவைக் கையில் பிடித்தபடி அசையாமல் இருந்தாள்.

"என்னம்மா?"

"ரெண்டு தட்டுலயும் எக்ஸ் இருக்குங்க இதுல. எந்தத் தட்டுல இருந்து எடுக்கறது?"

சாவிக்காரர் தெருப் பக்கம் திரும்பிப் பார்த்தார். வாத்தியார் எப்போதோ போய்விட்டிருந்தார்.

"அவர் பக்கத்துல இருக்கும்போது வந்துச்சு" என்றாள் அவள். "அவர் போனதும் அதுவும் கூடவே போயிடுச்சு. எனக்கு மண்டையில ஏறாதுங்க. ஷிப்டு முடிச்சு வர்றப்பவே பாதி உசிர் போயிடுது. மிச்சத்துல என்ன ஏறும்?"

"அப்படிச் சொல்லாதே."

"வேற எப்படிச் சொல்ல?"

அவர் டீ வாங்கி வந்தார். ஆறிப்போய் ஆடை படிந்ததும் எடுத்துக் கொட்டினார்.

தேர்வன்றைக்குக் காலையிலேயே தூறல். மையம் ஊருக்கு அந்தக் கோடியில், கம்ப்யூட்டர்கள் நிறைந்த ஒரு கட்டடம். வாசலில் சின்னச் சின்னப் பெண்களாக நின்றார்கள். அவர்களைப் பெற்றவர்கள் சின்னக்காவையும் ஒரு பெண்ணைக் கொண்டுவந்து விட்ட தாயார் என்று நினைத்து, "உங்க பொண்ணு எங்க?" என்று கேட்டார்கள். "உள்ள போயிட்டா" என்று சொல்லிவிட்டு அவளும் உள்ளே போனாள். போகும்போது திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

சாவிக்காரர் எதிரே பூட்டியிருந்த கடை ஒன்றின் கூரைக்கடியில் நின்றார். உட்காரத் தோன்றவில்லை. ஏதாவது வேலை இருந்தாலாவது கை சும்மா இருக்காது. உள்ளே அவள் என்ன கஷ்டப்படுகிறாளோ, இங்கே நின்று என்ன பிரயோசனம் என்று தன் மேலேயே எரிச்சல் வந்தது.

பெண்கள் கும்பலாக வெளியே வந்தார்கள். எல்லாருக்கும் கடைசியில் சின்னக்கா வந்தாள். அவர் குடையை விரித்து அவள் பக்கம் பிடித்தார். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவள், "நுரையீரலைப் பத்தி நெறைய கேட்டிருந்தானாம்" என்று மட்டும் சொன்னாள்.

"கேட்டிருந்தானாமா? நீ பாக்கலியா?"

"வெளிய வந்தப்ப பக்கத்துல ஒரு பொண்ணு சொல்லுச்சு. நான் அங்க வரைக்கும் போகல."

வீட்டில் மகள் வாசலிலேயே நின்றிருந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் துண்டை எடுத்துக் கொடுத்தாள். சின்னக்கா தலையைத் துவட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து, தானாகவே பேச ஆரம்பித்தாள்.

"முதல்ல அல்ஜீப்ராதான் வந்துச்சு. பாத்தா சின்னக் கணக்குதான். இது ஒண்ணாவது சரியாப் போட்டுட்டு அடுத்ததுக்குப் போலாம்னு நெனச்சேன். ஒண்ணு வந்துட்டா தைரியம் வந்துடும் இல்ல? தட்டு, தராசுன்னு ஏதேதோ யோசிச்சேன். ஒண்ணும் நெனவுக்கு வரல. சரி, தெரிஞ்சதைச் செய்வோம்னு..." நிறுத்திவிட்டுப் புருஷனைப் பார்த்தாள். "விட்டுப் பாத்தேங்க."

"எதை? அவன்தான் நம்பரே தரலியே?"

"ஒண்ணுல இருந்து நானே விட்டுப் பாத்தேன். ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு. எங்கயாவது சேரும் இல்ல? நம்பர் எங்க போயிடப் போவுது, வரிசையாத்தான இருக்குன்னு போயிட்டே இருந்தேன். ரெண்டு பக்கமும் விலகிட்டே போச்சு. இருந்தாலும் கொஞ்ச தூரம் போனா திரும்பும்னு பாத்தேன். நூறு தாண்டியாச்சு. அதுக்கப்புறம் விட்டுட்டு வரவும் மனசில்ல. இவ்ளோ தூரம் வந்தாச்சு, அடுத்ததுல சேந்துட்டா? அப்படியே ஸ்கிரீன் தன்னால மூடிடுச்சு. நேரம் முடிஞ்சதுன்னு எழுதி வந்துச்சு."

சாவிக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். விட்டுப் பார் என்று சொன்னதே அவர்தான். வேறு விதமாக அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

"என்ன கணக்கும்மா அது?" என்றாள் மகள்.

"மூணு எக்ஸோட இருபது கூட்டினா, ஒரு எக்ஸோட பன்னண்டு கூட்டினதுக்குச் சமம்."

மகளின் உதடு ஒரு விநாடி அசைந்தது. நினைத்துப் பார்த்திருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பாள். அவளுக்குக் கணக்கு வந்துவிட்டது, வார்த்தையும் கூடவே வந்துவிட்டது.

"மைனஸ் நாலும்மா."

"மைனஸா?"

சின்னக்கா விரலை மடக்கி, வாய்க்குள் முனகிக்கொண்டே அந்த எண்ணைக் கணக்குக்குள் வைத்துப் பார்த்தாள். மாதிரிப் புத்தகத்தில் மைனஸ் எண்கள் நிறைய வந்திருக்கின்றன. நாலில் ஒன்றாகக் கொடுத்திருந்தால் அதையும் எடுத்து விட்டுப் பார்த்திருப்பாள். இந்தத் தடவை யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. முனகல் நின்றது. இரண்டு பக்கமும் எட்டு.

"நான் ஒண்ணுல தொடங்கலடி" என்றாள் மெதுவாக. "முதல்ல சைபரைத்தான் வெச்சுப் பாத்தேன். இருபதும் பன்னண்டும் வந்துச்சு. எல்லாத்தையும் விட அதுலதான் ரெண்டும் கிட்ட இருந்துச்சு. அதுக்குக் கீழ ஒண்ணும் கிடையாதேன்னு மேல போயிட்டேன்."

சாவிக்காரர் எழுந்தார். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லத்தான் எழுந்தார். அடுத்த வருஷம் என்று ஒன்று இல்லை என்பது நினைவுக்கு வந்ததும் நின்ற இடத்திலேயே நின்றார். அழுதுவிட்டாளானால் தேவலை என்று இருந்தது அவருக்கு. அவள் அழவில்லை. ஈரத் துண்டை மடியில் வைத்து நாலாக மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள்.

"சைபர் வரைக்கும் வந்துட்டேனேங்க" என்றாள்.